ஊர் கூடி நோயை விரட்டிய கதை

ஒரு குழந்தை, ஒரு நோய்

ஒரு வயதுக் குழந்தை. காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கண்கள் குழி விழுந்துவிட்டன. வாய் உலர்ந்துவிட்டது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறாள். மருத்துவர் மருந்து கொடுக்கிறார். குழந்தை பிழைக்கிறது. தாய் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறாள்.

ஒரு மாதம் போகிறது. அதே குழந்தை. அதே நோய். மறுபடியும் அதே மருத்துவமனை.

இது ஏன்? மருந்து சரியில்லையா? மருத்துவர் சரியில்லையா? இரண்டும் இல்லை.

அந்தக் குழந்தை குடித்த தண்ணீர் சுத்தமாக இல்லை. ஊரில் நல்ல கிணறு இல்லை. குழந்தைக்குப் போதிய உணவு இல்லை. உடம்பில் வலு இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாரோ தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போக நல்ல சாலையும் இல்லை.

மருத்துவர் மருந்து கொடுக்கலாம். அவர் கிணறு தோண்ட முடியுமா? நிலத்தை உழ முடியுமா? தினமும் அந்தத் தாயின் வீட்டுக்கு வந்து பேச முடியுமா?

நோய் ஒன்றுதான். அதன் காரணங்கள் பல. காரணங்கள் பல என்றால், அவற்றைப் போக்கும் கைகளும் பல வேண்டும். மருத்துவர், செவிலியர், தாய்மார், உழவர், ஊராட்சி என்று எல்லோரும் கைகோக்க வேண்டும். கைகோத்தால் மட்டும் போதாது. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று கூடி உட்கார்ந்து கற்கவும் வேண்டும்.

இப்படிக் கூடிக் கற்று, கூடி உழைத்து, நோயை விரட்டிக் காட்டிய ஊர்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றின் கதை இது.

இரண்டு மருத்துவர்கள்

ரஜனிகாந்த் ஆரோளே என்பவர் மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்தவர். மேபெல் என்பவர் அவருடன் படித்தவர். இருவரும் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார்கள். 1960ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் கிராம மக்களுக்காகவே உழைப்பது என்று முடிவு செய்தார்கள்.

முதலில் அவர்கள் மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் வேலை செய்தார்கள். காலை முதல் இரவு வரை நோயாளிகள் வந்தார்கள். இருவரும் ஓயாமல் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தார்கள். குணமாகிப் போனவர்களே மறுபடியும் வந்தார்கள். அதே வயிற்றுப்போக்கு. அதே சத்துக்குறைவு. அதே ரண ஜன்னி. இந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுக்கக் கூடியவை.

கூரையில் ஓட்டை இருக்கிறது. மழை ஒழுகுகிறது. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. எத்தனை நாள் துடைத்தால் தரை காயும்? தாங்கள் செய்யும் வைத்தியமும் இப்படித்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

பிறகு இருவரும் அமெரிக்கா சென்றார்கள். அங்கே பொது சுகாதாரம் படித்தார்கள். ஓர் ஊரின் மக்கள் அனைவரையும் நோய் வராமல் காப்பது எப்படி என்று கற்பிக்கும் படிப்பு அது. படிப்பு முடிந்ததும் அவர்கள் வெளிநாட்டில் தங்கவில்லை. 1970ஆம் ஆண்டு ஜாம்கேட் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜாம்கேட் எப்படி இருந்தது?

ஜாம்கேட் மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் பெயர் இப்போது அகில்யாநகர். மழை குறைந்த பகுதி. மக்கள் பெரும்பாலும் சோளம் பயிரிட்டு வாழ்ந்தார்கள். மழை பொய்த்தால் பட்டினிதான். பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள்.

சாதி வேற்றுமையும் கடுமையாக இருந்தது. ஊர்க் கிணற்றில் தலித் மக்கள் தண்ணீர் எடுக்க முடியாது. பெண்கள் பொது இடத்தில் பேச முடியாது.

அந்தப் பகுதியில் 1971ஆம் ஆண்டு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 176 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே இறந்துபோயின. அதாவது, ஆறு குழந்தை பிறந்தால் ஒரு குழந்தை முதல் பிறந்த நாளைக் காணவில்லை.

இரண்டு மருத்துவர்களும் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தார்கள். "நாங்கள் வருகிறோம், மருந்து தருகிறோம்" என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. ஊர் மக்களும் சேர்ந்து பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். மக்களிடம் அவர்களுடைய தேவை என்ன என்றும் கேட்டார்கள்.

மக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? பெரிய மருத்துவமனையைக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்கள். உணவு கேட்டார்கள்.

மருத்துவர்கள் அதைக் கேட்டுத் திகைத்து நிற்கவில்லை. மக்கள் சொன்னது சரிதான். தண்ணீரும் உணவும் இல்லாத ஊரில் மருந்து மட்டும் என்ன செய்யும்?

முதல் முயற்சி பலிக்கவில்லை

தொடக்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் பலிக்கவில்லை.

அந்தச் செவிலியர்கள் வெளியூர்க்காரர்கள். இளம் பெண்கள். தனியாகக் கிராமத்தில் தங்க அஞ்சினார்கள். ஊர்ப் பெண்களுக்கும் அவர்களிடம் மனம் திறந்து பேசத் தயக்கம். "நேற்று வந்த பெண். இவளுக்கு நம் கஷ்டம் என்ன தெரியும்?" என்ற எண்ணம்.

அப்போது ஒரு புதிய வழி பிறந்தது. ஊரிலேயே வாழும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? அவளை ஊரே தேர்ந்தெடுக்கட்டும். அவள் எங்கும் ஓடிப் போக மாட்டாள். இரவு 12 மணிக்குக் கதவைத் தட்டினாலும் வருவாள். ஊரின் பேச்சு அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் தெரியும்.

இப்படித்தான் கிராம சுகாதாரப் பணியாளர்கள் உருவானார்கள். பலர் நடுவயதுப் பெண்கள். பலர் தலித் பெண்கள். கணவனை இழந்தவர்கள் இருந்தார்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களும் இருந்தார்கள். மிகப் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எழுத்தே தெரியாத பெண்ணுக்கு மருத்துவம் எப்படித் தெரியும்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண்களுக்கு நல்ல நினைவாற்றல் இருந்தது. அனுபவம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்கும் ஆசை இருந்தது.

கூடிக் கற்றார்கள்

பெண்கள் வாரம் ஒருமுறை தங்கள் ஊர்களிலிருந்து ஜாம்கேட் வந்தார்கள். இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் ஊர் திரும்பினார்கள்.

முதல் பாடம் மருந்தைப் பற்றியது அல்ல. சேர்ந்து சமைத்தார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒரே அறையில் படுத்து உறங்கினார்கள். ஊரில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழையாத சாதிகளைச் சேர்ந்த பெண்கள் அவர்கள். முதலில் சிலருக்குக் கூச்சம். சிலருக்கு அச்சம். வாரங்கள் செல்லச் செல்ல அது குறைந்தது. தோழிகள் ஆனார்கள்.

இது ஏன் தேவை? சாதி பார்க்கிற பெண் எல்லா வீட்டுக்கும் போக மாட்டாள். எல்லா வீட்டுக்கும் போகாதவளால் ஊரின் நோயைத் தடுக்க முடியாது. ஒரு தெருவில் தட்டம்மை வந்தால் அடுத்த தெருவுக்கும் வரும். நோய் சாதி பார்ப்பதில்லை.

பிறகு பாடம் தொடங்கும். பாட்டு, கதை, நாடகம், படம் ஆகியவற்றின் மூலம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் சிறிதளவுதான் கற்பார்கள். ஊருக்குப் போய் அதை மற்றப் பெண்களுக்குச் சொல்வார்கள். செய்தும் பார்ப்பார்கள். அடுத்த வாரம் வந்து அனுபவத்தைச் சொல்வார்கள். சந்தேகம் கேட்பார்கள். பிறகு புதிய பாடம். இப்படி ஆண்டுக்கணக்கில் பயிற்சி தொடர்ந்தது.

பயிற்சி கொடுத்தவர் ஒருவர் மட்டும் அல்ல. மருத்துவர் பேசினார். செவிலியர் பேசினார். சமூகப் பணியாளர் பேசினார். பெண்களும் பேசினார்கள். ஊரில் என்ன நம்பிக்கை இருக்கிறது, எதைச் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்பதை மருத்துவர்கள் அந்தப் பெண்களிடமிருந்து கற்றார்கள். மருத்துவர் அறிந்ததைப் பெண்கள் அறியவில்லை. பெண்கள் அறிந்ததை மருத்துவர் அறியவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

என்ன கற்றார்கள்?

கர்ப்பிணியைக் கவனிக்கக் கற்றார்கள். ஆபத்தான பிரசவம் எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கற்றார்கள். சுத்தமாகப் பிரசவம் பார்க்கக் கற்றார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொப்புள்கொடியைப் புதிய பிளேடால் வெட்ட வேண்டும். சுத்தமான நூலால் கட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் சாணம், சாம்பல் எதையும் தடவக் கூடாது. இவ்வளவு எளிய செயல்கள். இவையும் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் சேர்ந்து, பிறந்த குழந்தைக்கு ரண ஜன்னி வராமல் தடுத்தன. இன்று பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். அதுவே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

குழந்தைகளை எடை போட்டுப் பார்க்கக் கற்றார்கள். தொழுநோயின் தேமலை அடையாளம் காணக் கற்றார்கள். நாள்பட்ட இருமல் இருந்தால் காசநோயா என்று சோதிக்க அனுப்பக் கற்றார்கள். தொழுநோய் வந்தவரை ஊரைவிட்டு விரட்டும் வழக்கம் அன்று இருந்தது. மருந்து சாப்பிட்டால் நோய் தீரும், அவர் வீட்டிலேயே வாழலாம் என்று அந்தப் பெண்கள் ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யவும் கற்றார்கள். அதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை, தலை தட்டிய சிறு கரண்டியால் ஆறு. உப்பு, அதே கரண்டியால் அரை. நன்றாகக் கலக்குங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இந்தக் கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். அது கிடைத்தால் அதையே கொடுப்பது மேல். எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும். குழந்தை சோர்ந்து துவண்டாலும், எதையும் குடிக்க முடியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பானையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வோம்? ஓட்டையை அடைக்கும் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். வயிற்றுப்போக்கும் அப்படித்தான். வெளியே போகும் நீருக்கு ஈடாக உள்ளே நீர் போக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை வற்றிப்போகும்.

கிணறு எங்கே தோண்டுவது?

பெண்கள் கற்றார்கள். சரி. மக்கள் கேட்ட தண்ணீர் என்ன ஆயிற்று?

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் கடும் பஞ்சம் வந்தது. கிணறுகள் வற்றின. ஜாம்கேட் குழுவினர் ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி அடிபம்பு அமைக்க ஏற்பாடு செய்தார்கள். பம்பை எங்கே வைப்பது? தலித் மக்கள் வசிக்கும் பகுதியில் வைத்தார்கள்.

இதில் ஒரு யோசனை இருந்தது. பம்பு மேல்சாதித் தெருவில் இருந்தால் தலித் மக்கள் அங்கே போக முடியாது. தலித் தெருவில் இருந்தால்? தண்ணீர் வேண்டும் என்றால் எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். தாகத்துக்குச் சாதி ஏது? எல்லோரும் வந்தார்கள். ஒரே பம்பில் தண்ணீர் பிடித்தார்கள்.

ஒரு கிணறு. அதனால் கிடைத்தவை பல. சுத்தமான தண்ணீர் வந்தது. வயிற்றுப்போக்கு குறைந்தது. பெண்கள் தண்ணீருக்காக நெடுந்தூரம் நடப்பது நின்றது. சாதிச் சுவரிலும் விரிசல் விழுந்தது.

அதே போலக் குழந்தைகளுக்காக ஊர்ச் சமையற்கூடங்கள் தொடங்கினார்கள். ஊர் மக்களே சமைத்தார்கள். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

உழவர்களும் சேர்ந்தார்கள்

ஊர் ஆண்கள் உழவர் மன்றம் அமைத்தார்கள். மாலையில் கூடினார்கள். மழைநீரைத் தேக்குவது, மண் அரிப்பைத் தடுப்பது, மரம் நடுவது, கால்நடை வளர்ப்பது ஆகியவற்றைப் பற்றிக் கற்றார்கள். அதே மன்றத்தில் குழந்தைகளின் உடல்நலம் பற்றியும் பேசினார்கள். "நம் ஊரில் எத்தனை குழந்தைகள் எடை குறைவாக இருக்கிறார்கள்?" என்ற கேள்வியை ஆண்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

பெண்கள் மாதர் மன்றம் அமைத்தார்கள். சிறு சேமிப்பு, சிறு கடன், ஆடு வளர்ப்பு, சிறு வியாபாரம் என்று தொடங்கினார்கள். கையில் நாலு காசு வந்ததும் குழந்தைக்கு நல்ல உணவு கொடுக்க முடிந்தது. குடும்பத்தில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

மரம் நடுவதற்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மரம் நட்டு, வரப்புக் கட்டினால் மழைநீர் மண்ணில் இறங்கும். கிணற்றில் நீர் ஊறும். நிலம் விளையும். வீட்டில் சோறு இருக்கும். சோறு உண்ட குழந்தைக்கு நோயை எதிர்க்கும் வலு இருக்கும். இதுதான் தொடர்பு.

யாருக்கு என்ன வேலை?

கூட்டு வேலையில் ஒரு ஆபத்து உண்டு. எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் ஜாம்கேட்டில் வேலையைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஊரில் இருப்பவர் சுகாதாரப் பணியாளர். அவர் வீடு வீடாகப் போவார். நோய் வராமல் தடுப்பார். சிறு நோய்களைக் கவனிப்பார்.

அடுத்தது நடமாடும் குழு. செவிலியர், சமூகப் பணியாளர் போன்றவர்கள் ஒரே வண்டியில் ஊர் ஊராக வருவார்கள். சுகாதாரப் பணியாளரால் தீர்க்க முடியாததை அவருடன் சேர்ந்து கவனிப்பார்கள். அவருக்கு வேண்டிய உதவியும் செய்வார்கள்.

மூன்றாவது ஜாம்கேட் மருத்துவமனை. அறுவை சிகிச்சை, சிக்கலான பிரசவம் போன்றவை அங்கே நடக்கும்.

ஒரு கர்ப்பிணிக்குக் கால் வீங்குகிறது, தலை வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பணியாளர் அதை முதலில் கவனிப்பார். இது ஆபத்து என்று அவருக்குத் தெரியும். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். மருத்துவர் காப்பாற்றுவார். காப்பாற்றியவர் யார்? மருத்துவரா? முதலில் கண்டுபிடித்த ஊர்ப் பெண்ணா? இருவரும்தான். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாது.

தடைகளும் இருந்தன

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. எழுத்தறியாத பெண்களிடம் மருத்துவ அறிவைக் கொடுப்பது சரியா என்று படித்தவர்கள் பலர் ஐயப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் வீட்டைவிட்டு வாரம் ஓர் இரவு வெளியே தங்குவதும் சின்ன விஷயம் அல்ல.

இந்த வேலைக்கு அவர்கள் மாதச் சம்பளம் வாங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்தார்கள். அதற்குப் பயிற்சியும் கடனும் பெற்றார்கள். அறிவும் மதிப்பும் கிடைத்தன. ஆனாலும் உழைப்புக்கு உரிய ஊதியம் வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது. நம் நாட்டில் அந்தக் கேள்வி இன்றும் எழுகிறது.

பலன் என்ன?

1971ஆம் ஆண்டு, 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. ஐந்தே ஆண்டில், 1976ஆம் ஆண்டு, அது 52 ஆகக் குறைந்தது. 1990களில் 30க்கும் கீழே இறங்கியது.

இந்த எண்களை நிறுத்திப் படித்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு குழந்தை. ஒரு தாயின் மடி.

உலகம் இதைக் கவனித்தது. 1975ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட் பற்றிய கட்டுரை இடம்பெற்றது. 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டா என்ற நகரில் உலக நாடுகள் கூடின. ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், அதில் மக்களுக்கும் பங்கு வேண்டும், வேளாண்மை, உணவு, கல்வி, வீட்டு வசதி போன்ற துறைகளும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று அறிவித்தன. ஜாம்கேட் மக்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள்.

1979ஆம் ஆண்டு ஆரோளே தம்பதியினர் மகசேசே விருது பெற்றார்கள். மேபெல் 1999ஆம் ஆண்டு காலமானார். ரஜனிகாந்த் 2011ஆம் ஆண்டு காலமானார். அவர்கள் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது. நம் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களில் அந்தக் கிராமப் பெண்களும் உண்டு.

உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கதை ஒரு வட்டாரத்தின் கதை மட்டும் அல்ல. இன்று நம் நாடு முழுவதும் இப்படிப்பட்ட குழு ஒன்று இருக்கிறது.

அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார். இந்தத் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. குழந்தைகளுக்கு உணவு, எடை பார்ப்பது, முன்பருவக் கல்வி ஆகியவை இவர் வேலை.

கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை ஆகியவை இவர் வேலை.

பல மாநிலங்களில் ஆஷா பணியாளரும் இருக்கிறார். இந்தத் திட்டம் 2005ஆம் ஆண்டு தொடங்கியது. ஜாம்கேட்டைப் போலவே இவரும் அதே ஊரைச் சேர்ந்த பெண். ஏறக்குறைய 1,000 பேருக்கு ஒருவர். நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. தங்கள் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று இவர்கள் கேட்டு வருகிறார்கள்.

இவர்கள் வேறு வேறு துறையைச் சேர்ந்தவர்கள். அங்கன்வாடி ஒரு துறை. சுகாதாரம் இன்னொரு துறை. ஒருவர் பதிவேட்டில் இருக்கும் குழந்தை மற்றவர் பதிவேட்டில் விட்டுப்போகலாம். எடை குறைந்த குழந்தை யார் என்று அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். தடுப்பூசி போடாத குழந்தை யார் என்று செவிலியருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எது என்று ஆஷாவுக்குத் தெரியும். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று பதிவேட்டையும் ஒப்பிட்டால்தான் எந்தக் குழந்தையும் விட்டுப்போகாது.

அதற்காகவே மாதம் ஒரு நாள் கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலும் அங்கன்வாடியில் நடக்கும். அன்று தடுப்பூசி போடுவார்கள். குழந்தைகளை எடை பார்ப்பார்கள். கர்ப்பிணிகளைச் சோதிப்பார்கள்.

ஊரில் சுகாதாரக் குழு அமைக்கவும் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்பது அதன் பெயர். ஊராட்சி உறுப்பினர், பணியாளர்கள், ஊர்ப் பெண்கள் ஆகியோர் அதில் இருப்பார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவவில்லையா? சாக்கடை தேங்கிக் கொசு பெருகுகிறதா? அந்தக் குழுவில் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. குழுவில் சேர்ந்து உழைப்பது உங்கள் பங்கு.

சின்ன விளக்கு

ஜாம்கேட் சுகாதாரப் பணியாளர்களில் ஒரு பெண் 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய மாநாடு. பெரிய பெரிய மருத்துவர்களும் அறிஞர்களும் கூடியிருந்தார்கள். அந்தப் பெண் மேடையில் பேசினார்.

மண்டபத்தின் கூரையில் அழகான பெரிய விளக்குகள் தொங்கின. அவற்றை அவர் சுட்டிக் காட்டினார். அவை விலை உயர்ந்தவை, எல்லோராலும் வாங்க முடியாது என்றார். பிறகு தம் கையில் இருந்த சின்ன எண்ணெய் விளக்கைக் காட்டினார். இது எளியது, விலை குறைந்தது, ஆனால் இதைக் கொண்டு இன்னொரு விளக்கை ஏற்ற முடியும், மேலே தொங்கும் விளக்கால் அது முடியாது என்று விளக்கினார். கிராமப் பணியாளர்களாகிய தாங்கள் அந்தச் சின்ன விளக்கைப் போன்றவர்கள் என்றார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அறிவும் அப்படித்தான். கொடுத்தால் குறையாது. இந்தப் பக்கங்களை நீங்கள் படித்துவிட்டீர்கள். படிக்காத ஒருவருக்கு இன்று இதைச் சொல்லுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யும் முறையையாவது சொல்லுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் நோய் எது? அதற்கு என்னென்ன காரணங்கள்? ஒவ்வொரு காரணத்தையும் போக்க யார் யார் உதவ வேண்டும்?

2. உங்கள் ஊரின் சுகாதாரச் செவிலியர் யார்? அங்கன்வாடிப் பணியாளர் யார்? அவர்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

3. உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் தண்ணீர் எடுக்கிறார்களா? இல்லை என்றால், ஏன்?

4. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உடல்நலம் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், எதைக் கேட்பீர்கள்? அதை உங்கள் கையால் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.